அடுத்த பாகத்தை ரசிகர் எழுதும்போது

2010 ஜனவரியில் சோனி நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சாம் ரெய்மி இயக்க, டோபி மக்வயர் நடிக்க, 2011 மே மாதம் திரைக்கு வருவதாக இருந்த ‘ஸ்பைடர்-மேன் 4’ கைவிடப்பட்டது. புதிய இயக்குநர், புதிய நடிகர்களோடு கதை முதலிலிருந்து தொடங்கும் என்றது அந்த அறிவிப்பு. மூன்று படங்களாக வளர்ந்துவந்த நாயகன் பீட்டர் பார்க்கரின் வாழ்க்கை பாதியில் நின்றது. வராமல் போன அந்த நான்காம் படத்தைத் தாங்களே எழுதிப் பார்த்த ரசிகர்கள் பலர். சிலர் ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சிலர் காட்சி காட்சியாக, வசனத்தோடு, முழுத் திரைக்கதையாகவே எழுதி முடித்தார்கள்.

அப்படி எழுதியதை விற்க முடியாது. ஸ்டூடியோவுக்கு அனுப்பினால் பிரிக்காமலே திரும்பி வரும். படமாக எடுத்தால் வழக்கு வரலாம். இவ்வளவும் தெரிந்தும் ஒருவர் ஏன் நூறு பக்கத்துக்கு மேல் எழுதுகிறார்? எழுதியது என்ன ஆகிறது? அதனால் யாருக்கு என்ன பயன்? இந்தக் கேள்விகளை வரலாறு, வடிவம், சட்டம் என்ற மூன்று பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இதைப் பொழுதுபோகாதவர்களின் வேலை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு படத்தை ஆழ்ந்து படிப்பதற்கு இதைவிடக் கடுமையான பயிற்சி வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ரசிகரிடமிருந்தே பிறந்தது

சூப்பர் ஹீரோ என்ற வகையே ரசிகர்களின் கையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளென்வில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஜெர்ரி சீகல். அறிவியல் புனைகதைகளின் தீவிர ரசிகர். 1933இல் நண்பர் ஜோ ஷூஸ்டர் படம் வரைய, தாமே உருட்டு அச்சில் போட்டு வெளியிட்ட சிறுபத்திரிகையில் ஒரு கதை எழுதினார். ‘சூப்பர்மேன்’ என்ற பெயரை அவர்கள் முதன்முதலில் வைத்தது அந்தக் கதையில்தான். அதில் சூப்பர்மேன் வில்லன்; பிறர் மனதைப் படித்து உலகை ஆள நினைப்பவன். பிறகு அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாத்திரத்தை அடியோடு மாற்றி எழுதினார்கள். 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவன் நாயகனாக வந்தான். அவனுக்கான உரிமையை 130 டாலருக்கு இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பது காமிக்ஸ் உலகம் இன்றும் ஆறாத மனதோடு சொல்லும் கதை.

அதற்குப் பிறகும் ரசிகருக்கும் எழுத்தாளருக்கும் இடையே இருந்த சுவர் உயரமானதல்ல. மிசௌரி மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ராய் தாமஸ், ‘ஆல்டர் ஈகோ’ என்ற ரசிகர் இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். 1965இல் மார்வெலில் சேர்ந்தார். 1972இல் ஸ்டான் லீ அமர்ந்திருந்த தலைமை ஆசிரியர் நாற்காலி அவருக்கு வந்தது.

1982இல் நடந்தது இன்னும் வியப்பானது. இல்லினாய் மாநிலத்து வாசகர் ஒருவர், ஸ்பைடர்-மேனுக்குக் கறுப்பு உடை கொடுத்தால் என்ன என்று மார்வெலுக்கு எழுதினார். அன்றைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர், அந்த யோசனையை 220 டாலருக்கு வாங்கிக்கொள்வதாகப் பதில் எழுதினார். கதையை எழுதிப் பார்க்கவும் அந்த வாசகருக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் அது அச்சேறும் அளவுக்கு வரவில்லை. 1984இல் கறுப்பு உடை இதழ்களில் வந்தது. அந்த உடையிலிருந்து ‘வெனம்’ என்ற பாத்திரம் கிளைத்தது. 2018இல் வெளிவந்த ‘வெனம்’ படம் உலக அளவில் 85 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஒரு யோசனைக்கும் ஒரு கதைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டிவிடுகிறது. யோசனையைக் கடிதத்தில் எழுதி அனுப்பலாம். கதையை உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

பிறர் தொடங்கிய கதையை நாம் தொடர்வது தமிழ் வாசகருக்கும் புதிதல்ல. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை முடித்த இடத்தில் மனம் நிறையாத வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். பிடித்த கதை முடியும்போது வருகிற அந்தத் தவிப்பு எல்லா மொழிக்கும் பொது.

கேமராவுக்குத் தெரிவதை மட்டும்

ரசிகர் புனைவு என்றதும் சிறுகதையும் நாவலுமே நினைவுக்கு வரும். திரைக்கதை வேறு ஜாதி. உரைநடையில் ‘பீட்டர் குற்றவுணர்வில் வெந்தான்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். திரைக்கதையில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை. கண்ணுக்குத் தெரிவது, காதில் விழுவது என்ற இரண்டை மட்டுமே எழுத வேண்டும். குற்றவுணர்வு தெரிய வேண்டும் என்றால் அவன் எதையாவது செய்ய வேண்டும், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட வேண்டும்.

வடிவமும் கறாரானது. கூரியர் எழுத்து, 12 புள்ளி அளவு. ஒவ்வொரு காட்சிக்கும் மேலே, உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று ஒரு தலைப்பு வரி. வசனம் பக்கத்தின் நடுவே ஒடுங்கி வரும். எல்லாரும் இதே அமைப்பில் எழுதுவதால்தான் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற ஹாலிவுட் கணக்கு நிற்கிறது. ‘ஃபைனல் டிராஃப்ட்’, ‘செல்டெக்ஸ்’ போன்ற மென்பொருள்கள் இந்த அமைப்பைத் தாமாகவே போட்டுத் தரும். ஆனால் 120 பக்கத்துக்குள் கதையை அடக்கும் வேலையை எந்த மென்பொருளும் செய்யாது.

ரசிகரின் ஆசை முதலில் முட்டிக்கொள்வது இந்தப் பக்கக் கணக்கில்தான். மூன்று வில்லன்கள் வேண்டும் என்று நினைப்பார். ஒவ்வொருவரும் யார், ஏன் இப்படி ஆனார் என்று சொல்ல ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம் என்று வைத்தாலே 36 பக்கம் போய்விடும். நான்கு பெரிய சண்டைக்கு இன்னொரு 30 பக்கம். நாயகன் மூச்சுவிட மிச்சம் இருப்பது பாதிப் படம்கூட இல்லை. தியேட்டரில் உட்கார்ந்து ‘ஏன் இத்தனை பேரைத் திணித்தார்கள்’ என்று கேட்டவர், தன் கையிலும் அதே நெரிசல் ஏற்படுவதைப் பார்க்கிறார். விமர்சனம் அங்கே புரிதலாக மாறத் தொடங்குகிறது.

சண்டையை எழுதுவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஸ்காட் ஃபிராங்க், ஜேம்ஸ் மேன்கோல்டு, மைக்கேல் கிரீன் மூவரும் எழுதிய ‘லோகன்’ (2017) திரைக்கதையின் தொடக்கப் பக்கங்களில், கதையை நிறுத்திவிட்டுப் படிப்பவரிடம் நேராகப் பேசும் ஒரு பத்தி உண்டு. நகரத்தையே தரைமட்டமாக்கும் கணினிச் சண்டைகளை இந்தப் படத்தில் எதிர்பார்க்காதீர்கள். இங்கே அடிபட்டவனுக்கு வலிக்கும், விழுந்தவன் எழாமலும் போகலாம் என்பது அதன் சாரம். அந்தத் தீர்மானம் படம் முழுக்க நின்றது. காமிக்ஸிலிருந்து எடுத்த ஒரு சூப்பர் ஹீரோ படம் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது அதுவே முதல்முறை. சண்டைக் காட்சி எழுதும் ரசிகர் யார் யாரை அடித்தார்கள் என்ற பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. அந்த அடிக்கு என்ன விலை என்பதை எழுத வேண்டும்.

பாக்கி முதலில், வில்லன் பிறகு

ரசிகர் திரைக்கதைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடு தொடங்குகின்றன: இந்த முறை யார் வில்லன்? அங்கேயே வழி தவறிவிடுகிறது என்பது என் துணிவு. அடுத்த பாகம் எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, போன பாகம் எந்தக் கணக்கைத் தீர்க்காமல் விட்டது என்பதுதான்.

‘ஸ்பைடர்-மேன் 2’ (2004) இதற்கு நல்ல பாடநூல். அதன் திரைக்கதையாசிரியர் ஆல்வின் சார்ஜென்ட், ‘ஜூலியா’, ‘ஆர்டினரி பீப்பிள்’ என்ற இரண்டு குடும்ப, மனித உறவுப் படங்களுக்கு ஆஸ்கர் வாங்கியவர். படம் வில்லனோடு தொடங்கவில்லை. பீட்சாவை நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் வேலையை இழக்கும் ஓர் இளைஞனோடு தொடங்குகிறது. வாடகை பாக்கி. கல்லூரியில் கெட்ட பெயர். எல்லாவற்றுக்கும் அடியில், முதல் படம் விட்டுவைத்த பெரிய பாக்கி ஒன்று இருக்கிறது: தன்னை வளர்த்த பென் மாமா சாகத் தானும் காரணம் என்பதை அவன் அவர் மனைவி மே அத்தையிடம் சொல்லவே இல்லை. இரண்டாம் படத்தில் வீட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அதைச் சொல்கிறான். அத்தை கையை இழுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். படத்தின் எந்தச் சண்டையும் அந்த மௌனத்தின் அளவுக்கு அடிக்கவில்லை.

ரயில் காட்சியையும் பாருங்கள். ஓடும் ரயிலை உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கி விழும் அவனைப் பயணிகள் கைமாற்றிக் கைமாற்றித் தலைக்குமேல் தூக்கிச் சென்று தரையில் கிடத்துகிறார்கள். முகமூடி இல்லை. இவ்வளவு சின்னப் பையனா என்று அவர்களுக்கு அதிர்ச்சி. இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். ஊருக்காக உழைத்தவனுக்கு ஊர் செலுத்தும் நன்றி அது. முதல் படத்திலிருந்து வந்த இன்னொரு பாக்கி அங்கே தீர்கிறது.

‘ஸ்பைடர்-மேன் 3’ (2007) தடுமாறியதற்கும் இதே அளவுகோல் விடை சொல்கிறது. சாண்ட்மேன், ஹாரி, வெனம் என்று வில்லன்கள் மூவர். வெனமைச் சேர்க்கத் தயாரிப்புத் தரப்பு வற்புறுத்தியதும், அந்தப் படத்தில் தமக்கே நிறைவில்லை என்று ரெய்மி பின்னாளில் சொன்னதும் பலருக்கும் தெரிந்ததே. ஆனாலும் அந்தப் படம் ஓர் அருமையான பாக்கியை வைத்துவிட்டுப் போனது. காதலி மேரி ஜேனிடம் திருமணம் பேச, மே அத்தை தன் மோதிரத்தைப் பீட்டரிடம் கொடுக்கிறார். ஓட்டலில் அந்த முயற்சி கெட்டுப்போகிறது. மனமுடைந்து மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முயல்கிறான். அத்தையோ முதலில் உன்னையே நீ மன்னித்துக்கொள் என்று சொல்லி, மோதிரத்தை அவனிடமே விட்டுவிட்டுப் போகிறார். படத்தின் கடைசியில் மேரி ஜேன் பாடும் மன்றத்துக்குப் பீட்டர் வருகிறான். இருவரும் வசனமே இல்லாமல் மெல்ல ஆடுகிறார்கள். மோதிரம் கை மாறவில்லை.

நான்காம் பாகம் எழுத உட்காரும் ரசிகருக்கு அந்த மோதிரமே போதும். தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

உள்ளே. பீட்டரின் அறை. விடியற்காலை.
மேசைமேல் போலீஸ் வானொலி. அதன்மேல் ஒரு சிறிய மோதிரப் பெட்டி. பீட்டர் பெட்டியைத் திறக்கிறான். வானொலி கரகரக்கிறது: எங்கோ தீ விபத்து. பெட்டியை மூடி அதே இடத்தில் வைக்கிறான். ஜன்னல் வழியே பாய்கிறான்.

உள்ளே. அதே அறை. இரவு.
வெளியே பனி. பெட்டி அதே இடத்தில். மூடியின்மேல் தூசி.

இரண்டு காட்சி. வசனம் இல்லை. மாதங்கள் ஓடியதும், அவன் கேட்காததும், ஏன் கேட்கவில்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. இனி வருகிற வில்லன், அந்தப் பெட்டியைத் திறக்கவிடாத காரணமாகவோ திறந்தே ஆக வேண்டிய நெருக்கடியாகவோ இருக்க வேண்டும். யார் வில்லன் என்பதை அப்போது கதையே சொல்லும்.

இன்னொரு பாக்கியும் உண்டு. மூன்று படங்களிலும் உச்சக்கட்டத்தில் மேரி ஜேன் வில்லனிடம் சிக்குகிறாள். மூன்றிலும் காப்பாற்றப்படக் காத்திருக்கிறாள். நான்காம் முறையும் அதையே எழுதுகிற ரசிகர் மூன்று படங்களையும் வேடிக்கைதான் பார்த்திருக்கிறார். ஓரத்தில் நிறுத்தப்பட்ட பாத்திரத்துக்கு நடுவில் இடம் கொடுப்பது, ரசிகர் எழுத்து செய்யக்கூடிய மிக நேர்மையான திருத்தம்.

சட்டம் எங்கே நிறுத்துகிறது

அடுத்த பாகம் எழுதுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ‘ஆண்டர்சன் எதிர் ஸ்டலோன்’. 1982இல் ‘ராக்கி 3’ பார்த்த திமோத்தி ஆண்டர்சன் என்ற எழுத்தாளர், ‘ராக்கி 4’க்காக 31 பக்கத்தில் ஒரு ட்ரீட்மெண்ட் (விரிவான கதைச் சுருக்கம்) எழுதினார். தயாரிப்பு நிறுவனத்தாரைச் சந்தித்துப் பேசவும் செய்தார். 1985இல் ‘ராக்கி 4’ வெளிவந்தது. தன் கதையை எடுத்துக்கொண்டார்கள் என்று வழக்குத் தொடுத்தார். 1989இல் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம், ராக்கியும் மற்ற முக்கியப் பாத்திரங்களும் தனித்தன்மையோடு செதுக்கப்பட்டவர்கள், அவர்களுக்கே பதிப்புரிமை உண்டு என்றது. அனுமதியில்லாமல் அவர்களை வைத்து எழுதிய ட்ரீட்மெண்டுக்கு, அதில் ஆண்டர்சன் சொந்தமாகச் சேர்த்த பகுதிகளுக்கும்கூட, பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது.

இதன் பொருள் கசப்பானது. பிறருக்குச் சொந்தமான நாயகனை வைத்து நீங்கள் எழுதினால், அதில் உங்கள் மூளையில் உதித்த பகுதிக்கும் நீங்கள் உரிமை கோர முடியாமல் போகலாம். ஸ்டூடியோக்கள் கேட்காமல் வரும் திரைக்கதைகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவதும் இத்தகைய வழக்குகளுக்கு அஞ்சித்தான். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் தழுவல் உரிமையை மூல உரிமையாளருக்கே தருகிறது.

படமாக எடுக்கப் போனால் ஆபத்து இன்னும் கூடும். ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்கள் பொதுமக்களிடம் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தொடங்கிய ‘ஆக்ஸனார்’ படத்தின்மீது 2015 டிசம்பரில் பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. இது நியாயமான பயன்பாடு என்ற வாதத்தை 2017 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே மாதம் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. இடையில் 2016 ஜூனில் அந்நிறுவனங்கள் ரசிகர் படங்களுக்கு விதிகள் வகுத்தன: ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பகுதியாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் நிதி 50,000 டாலரைத் தாண்டக் கூடாது.

காசு புழங்காத இடத்தில் உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் இருந்திருக்கிறார்கள். 1992இல் டேன் பூல் தானே ஸ்பைடர்-மேன் வேடமிட்டு, தானே தாவிக் குதித்து எடுத்த ‘த கிரீன் காப்ளின்ஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’, 2003இல் சான்டி கொலோரா சில நிமிடக் குறும்படமாக எடுத்துச் சான் டியாகோ காமிக்-கானில் திரையிட்ட ‘பேட்மேன்: டெட் எண்ட்’ ஆகியவை இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவதை அனுமதி என்று எண்ணிவிடக் கூடாது.

மறுப்புகளும் மறுமொழியும்

முதல் மறுப்பு: கடன் வாங்கிய பாத்திரத்தை வைத்து எழுதுவது படைப்பே ஆகாது. இதை முழுதாக ஒதுக்க முடியாது. பாத்திரத்தின் மீது ஏற்கெனவே இருக்கும் அன்பு, எழுதுகிறவரின் சோம்பலை மறைத்துவிடும். ‘ஸ்பைடர்-மேன்’ என்ற பெயரைப் பார்த்ததும் வாசகர் மனம் இளகிவிடுவதால், அந்தக் காட்சி தன் பலத்தில் நிற்கிறதா என்பது தெரியாமலே போகும். ஆனால் குருவின் சிலையைப் பார்த்துச் செதுக்கிப் பழகாத சிற்பி எந்தப் பட்டறையில் இருக்கிறார்? ரொனால்டு மூர் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகராகவே ஒரு திரைக்கதை எழுதி, படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கப் போனபோது அங்கிருந்தவரிடம் கொடுத்தார். அதைப் படித்த, தொடரின் எழுத்துக்குழுத் தலைவர் மைக்கேல் பில்லர் வாங்கிக்கொண்டார்; 1989இல் ‘த பாண்டிங்’ என்ற பகுதியாக ஒளிபரப்பானது. அந்த ரசிகர்தான் பின்னாளில் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வைப் புதுப்பித்தவர். அன்று ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கதவு வெளியாருக்குத் திறந்திருந்தது. இன்று பெரும்பாலும் மூடியிருக்கிறது. எழுதிப் பழகியதால் வந்த கை மட்டும் எழுதியவரிடமே இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு கனமானது: ரசிகர்கள் கதையைத் தங்கள் சொத்தாக எண்ணிப் படைப்பாளிகளை மிரட்டுகிறார்கள். உண்மைதான், அந்த ஆவேசம் வரம்பு மீறியதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் கூச்சல் போடுகிறவரும் உட்கார்ந்து எழுதுகிறவரும் ஒருவரல்லர். ‘ஸ்பைடர்-மேன் 4’க்காக ஜேம்ஸ் வாண்டர்பில்ட், டேவிட் லிண்ட்சே-அபேர், கேரி ராஸ், ஆல்வின் சார்ஜென்ட் என்று தேர்ந்த எழுத்தாளர்கள் ஒருவர்பின் ஒருவராக உழைத்தார்கள். குறித்த நாளுக்குள் திரைக்கதை தாம் விரும்பிய தரத்துக்கு வரவில்லை என்பதால்தான் விலகினேன் என்று ரெய்மியே சொல்லியிருக்கிறார். அதே படத்தை எழுதிப் பார்த்து அறுபதாம் பக்கத்தில் சிக்கிக்கொண்ட ரசிகருக்கு, அந்தத் தோல்வியின் மேல் கோபம் வராது. மரியாதை வரும்.

மூன்றாவதாக, இதெல்லாம் வீண் உழைப்பு என்பார்கள். ‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ (2023) படத்தின் முன்னோட்டத்தை லெகோ பொம்மை உருவில் கணினியில் மறுபடி செய்து காட்டினான் கனடாவில் வாழும் 14 வயது மாணவன் ஒருவன். படக்குழு அவனையே அழைத்து, படத்தில் வரும் லெகோ காட்சியில் வேலை செய்ய வைத்தது. இதைக் காட்டி எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று ஆசை மூட்ட மாட்டேன். அவன் முதலில் செய்தபோது யாரும் அழைக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எழுதி முடித்த பிறகு

ஆகவே எழுதுங்கள் என்பதே என் முடிவு. வில்லனைத் தேடும் முன் தீராத பாக்கியைத் தேடுங்கள். 120 பக்கத்தைத் தாண்டாதீர்கள். முடிக்காமல் விடாதீர்கள், பாதியில் நின்ற கதைக்கு மருந்தாகத்தான் எழுதத் தொடங்கினோம். யாரிடமும் காசு வாங்காதீர்கள். ஸ்டூடியோவுக்கு அனுப்பாதீர்கள்.

பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். பிரதியை எடுத்து, பீட்டர் என்ற பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் போடுங்கள். சிலந்தி நூலையும் முகமூடியையும் எடுத்துவிடுங்கள். மோதிரப் பெட்டியும் அதன்மேல் படிந்த தூசியும், கேட்க வேண்டியதைக் கேட்கத் துணியாத ஓர் ஆளும் மிஞ்சினால், அந்தக் கதை உங்களுடையது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கே உண்டு என்பதால், அதை வைத்து நீங்கள் புதிதாக எழுதுவதைச் சட்டமும் தடுக்காது. எதுவும் மிஞ்சவில்லை என்றாலும் நட்டமில்லை; மறுபடி எழுதலாம். கிளீவ்லாந்தில் அந்த இரண்டு பள்ளி மாணவர்களும் 1933இல் எழுதிய வில்லனைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.